மீட்பு என்னும் கடன்: டச்சு நிலமும் மாம்பலம் ஏரியும்

1

'உலகத்தைக் கடவுள் படைத்தார், ஹாலந்தை டச்சுக்காரர்கள் படைத்தார்கள்' என்றொரு சொலவடை உண்டு. நம்முடைய பள்ளிக்கூடப் புவியியல் பாடம் தொடங்கி, வெள்ளம் வடிந்த மறுவாரம் பத்திரிகைகளில் வரும் தலையங்கம் வரை இதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். மனிதன் இயற்கையை ஜெயித்தான் என்கிற பெருங்கதையாடலுக்கு இவ்வளவு கச்சிதமான உதாரணம் வேறு கிடைக்காது. ஆனால் இந்தச் சொலவடையில் 'டச்சுக்காரர்கள்' என்பது யார்? மண் வெட்டியவனா, பணம் போட்டவனா, கரை உடைந்த ராத்திரியில் செத்தவனா? இப்படிக் கேட்க ஆரம்பித்தால் கதை வேறு மாதிரி ஆகிவிடுகிறது. வடபழனியில் குடியிருக்கிறவன் என்கிற முறையில் எனக்கு இந்தக் கேள்வி வெறும் வரலாற்று ஆர்வம் இல்லை. ஐப்பசி பிறந்தால் 'தண்ணி வந்துடுச்சா?' என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிற ஊர் எங்களுடையது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நீருக்கடியில் கிடக்கும் தரையை உலர்த்தி நிலமாக்குவதைத் தமிழில் 'நில மீட்பு' என்று எழுதுகிறோம். ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததில் வந்தது. ஆனால் தமிழில் மீட்பது என்றால் அடகுக்கடையில் வைத்த நகையை வட்டியோடு பணம் கட்டித் திருப்புவது. நம்முடையதாக இருந்து கைமாறிப்போனதைத்தான் மீட்க முடியும். கடலோ ஏரியோ யாரிடமும் எதையும் அடகு வாங்கியதில்லை. நடப்பது இதற்குத் தலைகீழ். நிலத்தைத் தண்ணீரிடமிருந்து நாம்தான் கடனாக வாங்குகிறோம். அந்தக் கடனுக்கு வட்டி உண்டு; அசல் என்றைக்கும் தீராது. வட்டியை யார் கட்டுகிறார்கள், யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்காக டச்சு நிலத்தின் வரலாற்றையும் சென்னை ஏரிகளின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கிறேன்.

2

டச்சுக்காரர்கள் செய்த காரியத்தின் அடிப்படை எளிமையானது. ஏரியையோ சதுப்பையோ சுற்றி ஒரு கரை எழுப்புவார்கள். கரைக்கு வெளியே சுற்றிலும் ஒரு கால்வாய் வெட்டுவார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்துக் கால்வாயில் கொட்டுவார்கள். கால்வாய் அதை ஆற்றுக்கோ கடலுக்கோ கொண்டுபோகும். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து மதகைத் திறப்பார்கள். இப்படி உள்ளே கிடைக்கும் நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இறைப்பதற்குக் காற்றாலை வந்தது. ஒரு காற்றாலை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குமேல் தண்ணீரைத் தூக்காது. ஆகவே ஆழமான ஏரிகளில் மூன்று நான்கு காற்றாலைகளைப் படிப்படியாக நிறுத்தி, ஒன்று இறைத்ததை அடுத்தது வாங்கி மேலே தூக்கும்படி செய்தார்கள். நம்ம ஊர் ஏற்றம் ஒன்றின் தலைக்குமேல் இன்னொரு ஏற்றத்தை வைத்தாற்போல.

இதில் கவனிக்க வேண்டியது, போல்டர் ஒரு கிண்ணம் என்பது. மழை பெய்தால் அதற்குள்தான் நிற்கும், அடியிலிருந்தும் ஊறிக்கொண்டிருக்கும். இறைப்பதை நிறுத்தினால் ஏரி திரும்பவும் ஏரியாகிவிடும். அதோடு மேற்கு நெதர்லாந்தின் பெரும்பகுதி பீட் என்கிற சதுப்பு மண். தண்ணீரில் மக்காமல் தேங்கிய செடிகொடிகளின் மண் அது. 11ஆம் நூற்றாண்டிலிருந்து சாகுபடிக்காக அதை வடித்தார்கள். வடித்ததும் காற்றுப் பட்டு மண் மக்கிச் சுருங்கியது, தரை இறங்கியது. தரை இறங்கியதால் இன்னும் வடிக்க வேண்டியதாயிற்று. வடித்ததால் இன்னும் இறங்கியது. இன்று அந்த நாட்டின் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறதென்றால் அதற்குக் கடல் மட்டும் காரணமில்லை, ஆயிரம் வருஷமாக வடித்ததும் காரணம். வட்டி குட்டி போட்டுக்கொண்டே போகிறது என்பதை அவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். அவர்களுடைய வரலாற்றில் காற்றாலையைவிட முக்கியமான கண்டுபிடிப்பு இந்தப் புரிதலிலிருந்துதான் பிறந்தது என்பேன்.

3

அந்தக் கண்டுபிடிப்பு, நீர் வாரியம். அவர்கள் மொழியில் வாட்டர்ஸ்கப். ரைன்லாந்து வட்டாரத்தின் வாரியம் 1255ஆம் ஆண்டுச் சாசனத்தைத் தன் பூர்வீகமாகக் காட்டுகிறது. டச்சுக் குடியரசு தோன்றுவதற்கு முன்னூறு வருஷத்துக்கு முந்தியது அது. கரைக்குப் பின்னால் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவனும் கரையின் ஒரு பகுதியைப் பராமரிக்க வேண்டும். வாரியத்தின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள்; குறை இருந்தால் அபராதம் விதிப்பார்கள். பிற்பாடு உழைப்புக்குப் பதில் வரி வந்தது. வாரியத்துக்கென்று தனி வரி, தனித் தேர்தல். 1950 வாக்கில் இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாரியங்கள் இருந்தன. ஒன்றோடொன்று சேர்ந்து இன்று 21 ஆகியிருக்கின்றன. இப்போதும் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் 'மண்வெட்டி உரிமை' என்றொரு வழக்கம் இருந்தது. தன் பங்குக் கரையைப் பராமரிக்க முடியாதவன் ஒரு மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டு, நிலத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். மண்வெட்டியைப் பிடுங்குகிறவனுக்கு நிலம் சேரும், அதோடு கரையும் சேரும். கொடூரமான சட்டம்தான். ஏழை விவசாயியைத் துரத்திவிட்டுப் பணக்காரன் நிலம் சேர்ப்பதற்கு இது வசதியாக இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ஆனால் இதற்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. நிலத்தையும் அதன் நீர்க்கடனையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. ஒன்றை வாங்கினால் மற்றதும் கூடவே வரும்.

இதை வைத்துக்கொண்டு 'பாருங்கள், டச்சு ஜனநாயகம்' என்று புளகாங்கிதப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவ்வளவு எளிதல்ல. வாரியத்தில் நெடுங்காலம் குரல் இருந்தது நிலம் உள்ளவனுக்கே. நிலமில்லாத சாதாரணக் குடியிருப்பாளனுக்குப் பரவலாக நேரடி ஓட்டு வந்தது 20ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். இன்றும் விவசாயிகளுக்கும் இயற்கைக் காப்பு நிலங்களை நிர்வகிப்போருக்கும் தேர்தல் இல்லாமலே சில இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அது நியாயமா என்கிற சண்டை அங்கே ஓயவில்லை.

4

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பேம்ஸ்டர் என்ற பெரிய ஏரியை 1607இல் வடிக்கத் தொடங்கினார்கள். 1610இல் புயலில் கரை உடைந்து திரும்ப நிறைந்துவிட்டது. மறுபடி இறைத்து 1612இல் உலர்த்தினார்கள். ஏழாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், நாற்பதுக்கு மேற்பட்ட காற்றாலைகள். முதலீடு செய்தவர்கள் ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகளும் அதிகாரிகளும். அவர்களில் முக்கியமானவர் டிர்க் வான் ஓஸ், 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர்.

அதே வருஷங்களில் அந்தக் கம்பெனி நம்முடைய பழவேற்காட்டில் என்ன செய்துகொண்டிருந்தது? 1610இல் விஜயநகர மன்னர் வெங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டிருந்தது. சோழமண்டலக் கரையின் துணி மூட்டைகள் அங்கிருந்து கீழை நாடுகளுக்குப் போயின. பஞ்ச காலங்களில் மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுப் பட்டாவியாவுக்குப் போனார்கள். பேம்ஸ்டரின் நேர்கோட்டு வயல்கள் 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அந்த நேர்கோடுகளுக்கும் பழவேற்காட்டுக் கடற்கரைக்கும் நடுவில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதை யாரும் பாரம்பரியச் சின்னமாக்கவில்லை.

மேற்சொன்ன பட்டாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, இதற்கு இன்னொரு சாட்சி. 1619இல் கைப்பற்றிய அந்த ஊரை டச்சுக்காரர்கள் தங்கள் ஊர் மாதிரியே கால்வாய் வெட்டிக் கட்டினார்கள். கால்வாய்கள் தேங்கி நாறின. 18ஆம் நூற்றாண்டில் மலேரியாவுக்குப் பேர்போன சாவூராக அது மாறியது. கரையும் மதகும் கால்வாயும் அங்கே போயின. வாரியம் மட்டும் போகவில்லை. காலனியில் ஜாவாக்காரனுக்கு ஓட்டு எதற்கு? தொழில்நுட்பம் எளிதாகக் கடல் கடக்கும், உரிமை கடக்காது. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வருவோம்.

5

ஏரி என்பதும் கரையும் மதகும் கொண்ட அமைப்புதான். ஆனால் போல்டரின் கரை தண்ணீரை வெளியே நிறுத்துகிறது, ஏரியின் கரை தண்ணீரை உள்ளே நிறுத்துகிறது. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதைப் பிடித்துவைத்து வருஷம் பூராவும் செலவழிப்பதற்கான ஏற்பாடு. நிறைந்தால் கலிங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். செங்கல்பட்டு வட்டாரம் முழுக்க இப்படி ஒன்றோடொன்று கோத்த ஏரிகள். ஒன்றைத் தூர்த்தால் அதன் நீர் மட்டுமல்ல, மேலே இருக்கும் ஏரியின் உபரியும் வழி தெரியாமல் நிற்கும்.

வெள்ளைக்காரர்களின் வரைபடங்களில் 'லாங் டாங்க்' என்று குறிக்கப்பட்ட நீண்ட ஏரி, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வளைந்து கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 முதல் அந்த ஏரியின் மாம்பலம் பகுதியை வடித்து மனைகளாக்கினார்கள். தியாகராய நகர் பிறந்தது. பனகல் பூங்காவும் நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர் தாங்கிய தெருக்களும் வந்தன. நுங்கம்பாக்கம் முனையில் மிஞ்சியதும் பின்னர் போயிற்று. வள்ளுவர் கோட்டம் 1976இல் திறக்கப்பட்டது அந்த ஏரிப்படுகையில்தான். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று முகவரி எழுதுகிறார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்க்கத்தான் லேக் இல்லை. வீட்டு வசதி வாரியம் மனை போட்ட முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்பதே பேட்டையின் பெயர். குறியீடு மிஞ்சிக் குறிக்கப்பட்ட பொருள் காணாமல் போவதற்கு அமைப்பியல் வகுப்பில் உதாரணம் தேடுகிறவர்கள் 17ஆம் நம்பர் பஸ் ஏறினால் போதும்.

ஆக, நாமும் 'நில மீட்பு' செய்தவர்கள்தான். வித்தியாசம் எங்கே? பேம்ஸ்டரில் நிலம் வாங்கியவன் இறைக்கிற செலவையும் சேர்த்து வாங்கினான். தியாகராய நகரில் மனை வாங்கியவனின் கிரயப் பத்திரத்தில் கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்ன தெரு என்று நான்கெல்லை இருக்கும். அந்த மனைமேல் விழும் மழை எங்கே போகும், அதை யார் கொண்டுபோவார்கள் என்று ஒரு வரி இருக்காது. நிலம் தனியார் சொத்தாயிற்று. அதன் நீர்க்கடன் மாம்பலம் கால்வாயின் பேரில் எழுதப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் தொடங்கித் தியாகராய நகரை ஊடுருவி நந்தனம் பக்கம் அடையாற்றில் சேரும் அந்தக் கால்வாய்தான் ஒரு பெரிய ஏரியின் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2021 நவம்பரில் ஒரே இரவில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது தியாகராய நகர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றதில் வியப்பில்லை.

6

வெள்ளம் வந்தால் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: 'ஏரியில வீடு கட்டினா ஏரி வரத்தானே சார் செய்யும்? தண்ணிக்கு ஞாபகம் இருக்கு.' கவித்துவமான வாக்கியம். கவிஞர்களும் இதை நிறையவே எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. தண்ணீருக்கு ஞாபகம் கிடையாது, பள்ளம்தான் தெரியும். ஞாபகம் என்றவுடன் இயற்கை நியாயம் கேட்டு வருவதாகவும், நாம் எல்லோரும் ஒரே அளவில் குற்றவாளிகள் என்பதாகவும் ஆகிவிடுகிறது. அப்போது யார் மனை போட்டது, யார் விற்றது, யார் வாங்கியது, யார் அனுமதித்தது என்கிற கேள்விகள் அந்தத் தண்ணீரிலேயே கரைந்துவிடுகின்றன.

ஆனால் அரசின் சொல்லாடலில் எல்லோரும் ஒன்றில்லை. ஏரிப்படுகையில் அரசே போட்ட மனைக்குப் பெயர் 'திட்டம்'. அதே ஏரியின் உபரி ஓடும் கால்வாய்க்கரையில் போட்ட குடிசைக்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு'. இரண்டும் நீரின் இடம்தான். ஒன்றுக்குப் பட்டாவும் பத்திரமும், இன்னொன்றுக்கு புல்டோசர். 2007இல் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் ஆக்கிரமிப்பாளனாக முடிகிறவன் யார் என்பதை முன்கூட்டியே அகராதி தீர்மானித்துவிட்டது.

2000இலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கரையோர மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 'வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம்' என்பது காரணம். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில். ஒரு பள்ளத்திலிருந்து தூக்கி இன்னொரு பள்ளத்தில் போட்டதற்குப் பெயர் மறுவாழ்வு. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். பக்கிங்காம் கால்வாய்க்கரை அது. நகரத்தின் நீர்க்கடனுக்கு வட்டி கட்டுகிறவர்கள் யார் என்று கேட்டால், பதில் இந்த ஊர்ப்பெயர்களின் வரிசைதான்.

2015 வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதுவே அதை மனிதரால் விளைந்த பேரழிவு என்றது. அங்கேயும் 'மனிதர்' என்பது யார் என்ற கேள்வி, 'டச்சுக்காரர்கள்' என்பது யார் என்பதைப் போலவே, மிச்சமிருக்கிறது.

7

கடனைக் கூட்டாகக் கட்ட ஏற்பாடு இல்லாத இடத்தில் அவனவன் தனித்தனியாகத் தப்பிக்கப் பார்க்கிறான். எங்கள் தெருவில் இது நன்றாகத் தெரியும். ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போகிறார்கள்; வீடு பள்ளத்தில் போய்விடுகிறது. புதிதாகக் கட்டுகிறவர் நாலடி மண் கொட்டி மேடாக்குகிறார். அவர் மனையில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார். தூக்கிக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், தொழில் நன்றாக நடக்கிறது. அடுக்குமாடிகளில் கார் நிறுத்தும் தளத்தில் தண்ணீர் புகுந்தால் டீசல் மோட்டார் வைத்துத் தெருவில் இறைக்கிறார்கள். தெருவில் இறைத்தது தெருக்கோடிக்குப் போகிறது. கோடியில் ஓட்டு வீட்டுக்காரர்களும் வாடகைக்கு இருப்பவர்களும். அவர்களிடம் ஜாக்கியும் கிடையாது மோட்டாரும் கிடையாது.

இதைத்தான் தனிப் போல்டர் என்கிறேன். ஒவ்வொரு வீடும் ஒரு கரை, ஒரு மோட்டார், வெளியே கொட்டுவதற்கு இன்னொருவன் வாசல். டச்சுக் கிராமத்தில் ஒருவன் தன் தண்ணீரை அடுத்தவன் வயலில் கொட்டியிருந்தால் வாரியம் அபராதம் போட்டிருக்கும். இங்கே அபராதம் போட யாருமில்லை.

8

அப்படியானால் நம்மிடம் வாரியமே இருந்ததில்லையா? இருந்தது. அந்தச் சொல்லே நம்முடையதுதான். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியத்தையும் அதற்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் முறையையும் விவரமாகச் சொல்கின்றன. ரைன்லாந்துச் சாசனத்துக்கு முன்னூறு வருஷம் முந்தியவை. உடனே மார்தட்டிக்கொள்ள வேண்டாம். அந்த வாரியத்தில் சேர வரி கட்டும் நிலம் கால்வேலி இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. ஏரியில் இறங்கி மண் எடுத்தவனின் பெயர் குடத்துக்குள் போகவில்லை. குடிமராமத்து என்று இன்று நாம் ஏக்கத்தோடு பேசுவதும் இப்படித்தான். அந்த உழைப்பில் எவ்வளவு பங்கு கூலியில்லாமல் சேரியின் தோளில் ஏற்றப்பட்டது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். கம்பெனி அரசு 1858இல் அதற்கென்றே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு, மறுத்தவர்களுக்குத் தண்டனையும் வைத்தது.

சென்னையில் இன்று வாரியங்களுக்குக் குறைவில்லை. வீட்டு வசதி வாரியம், குடிநீர் வாரியம், குடிசை மாற்று வாரியமாக 1970இல் தொடங்கி 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஏரிமேல் வீடு கட்ட ஒரு வாரியம், வாய்க்கால்கரையைக் காலிசெய்ய ஒரு வாரியம். எதிலும் அந்த வாய்க்கால்கரையில் குடியிருப்பவர் ஓட்டுப் போட்டு யாரையும் அனுப்புவதில்லை.

2018இல் நெதர்லாந்து அரசு ஆசிய நகரங்களுக்கான ஒரு நீர்த்திட்டத்தைத் தொடங்கியபோது சென்னையும் அதில் ஒன்று. சென்னைக்கு வந்த யோசனைகளில் ஒன்றின் பெயர் 'ஆயிரம் குளங்களின் நகரம்'. ஏரியை நிலமாக்கியவர்கள் வந்து நிலத்தை ஏரியாக்கச் சொல்கிறார்கள் என்று கிண்டலடிக்கலாம். ஆனால் அவர்கள் ஊரிலும் பாடம் படித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். 1953 பிப்ரவரி 1 அதிகாலையில் கரைகள் உடைந்து 1,836 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு முகத்துவாரங்களை அடைக்கப் பெரும் அணைகள் கட்டினார்கள். கிழக்கு ஸ்கெல்ட் முகத்துவாரத்தை மொத்தமாக மூடக்கூடாது என்று மீனவர்களும் சூழலியல்காரர்களும் போராடி, திறந்து மூடும் தடுப்பாக அதை மாற்றவைத்தார்கள். 1986இல் அது முடிந்தது. 1995இல் ஆறுகள் பெருகி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்ற வேண்டிவந்த பிறகு, கரையை இன்னும் உயர்த்துவதை விட்டு ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்துக்குப் போனார்கள். சில போல்டர்களைத் திரும்ப ஆற்றிடம் கொடுத்தார்கள். ஓவர்டீப் என்ற போல்டரில் விவசாயிகளே மேடுகள் அமைத்து அதன்மேல் குடியேறும் யோசனையை முன்வைத்தார்கள். எல்லோருக்கும் இடமில்லை, சிலர் போக வேண்டியிருந்தது. ஆனால் போகிறவனும் மேஜையில் உட்கார்ந்து பேசினான். பெரும்பாக்கத்துக்கு லாரி ஏற்றப்பட்டவனிடம் யார் பேசினார்கள்?

டச்சுக்காரர்களிடமிருந்து நாம் கடன்வாங்க வேண்டியது பம்பும் தடுப்புக் கதவும் என்று வல்லுநர்கள் சொல்லட்டும். செயல்பாட்டாளர்கள் கேட்க வேண்டியது வேறு. வடபழனிக்கு வடக்கே விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய் கூவத்துக்கு ஓடுகிறது. அது தொடங்கும் இடத்திலிருந்து கூவத்தில் சேரும் இடம் வரை ஒரு வாரியம் வேண்டும். அதற்குத் தண்ணீரை அனுப்புகிற ஒவ்வொரு மனையும், ஒவ்வொரு வணிக வளாகமும், தன் பரப்பளவுக்கு ஏற்ப வரி கட்ட வேண்டும். ஓட்டு மட்டும் பரப்பளவுக்கு இல்லை, தலைக்கு. வாடகைக்காரருக்கும் கரையோரக் குடிசைக்காரருக்கும் கால்வாயில் இறங்கித் தூர்வாருகிற தொழிலாளிக்கும் ஆளுக்கு ஒன்று. உத்திரமேரூரும் ரைன்லாந்தும் தத்தம் காலத்தில் செய்யாமல் விட்டது இந்தக் கடைசி வேலையைத்தான். மேட்டில் இருக்கிற மனைக்காரர்கள் சும்மா ஒத்துக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த முறை 'ஏரி மீட்பு' என்று ஒரு கூட்டத்துக்கு நம்மைக் கூப்பிடும்போது, யாரிடமிருந்து மீட்கப் போகிறீர்கள், குடத்தில் யார் யார் ஓலை இருக்கிறது என்று கேட்டு அந்தச் சண்டையை அங்கேயே தொடங்கலாம்.